உயரம் அளக்கும் அண்ணைமாருக்கு

சனிக்கிழமை பரிசளிப்பு விழாவில், ஐஸ் ஹொக்கி ஆடும் பிள்ளைகளை மேடையில் வைத்து அண்ணை ஒருவர் பேசியதை முழுதாகத் திரும்பவும் விளக்கப்போவதில்லை. காணொளி எல்லோருடைய தொலைபேசிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. "விடு, எழுதிப் பெரிதாக்காதே" என்று அக்கா சொன்னார். அத்தான் அதையே இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். விடத்தான் பார்த்தேன். ஆனால் நேற்றிரவு அந்த அண்ணைக்கு வக்காலத்து வாங்கி ஒருவர் "யதார்த்தத்தைத்தானே சொன்னார்" என்று எழுதியதைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை.

யதார்த்தமாம். பரிசு வாங்க வந்த பிள்ளைகளில் உயரமான ஒருவனையும் கட்டையான ஒருவனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, "இவன் என்.எச்.எல். போகலாம், இவன் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகலாம்" என்று சொல்வதற்கு யதார்த்தம் என்று பெயர். (என்.எச்.எல். வட அமெரிக்காவின் தலையாய ஐஸ் ஹொக்கி லீக். டிக்கெட் வாங்கிப் போகிறவன் வெறும் பார்வையாளன்.) மண்டபம் முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் என் நண்பர் பட்டியலில் இருக்கிறீர்கள். வாசியுங்கள்.

கட்டையானவன் என் மருமகன், அக்காவின் மகன். ஆமாம், அதனால்தான் இவ்வளவு கோபம். ஒளிக்கவில்லை. ஆனால் அவன் என் மருமகனாக இல்லாவிட்டாலும் அண்ணை சொன்னது பிழைதான்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கட்டையான பெடியன்களால் அந்த லீக்கில் ஆட முடியுமா என்பது எப்போதோ பதில் கிடைத்துவிட்ட கேள்வி. முடியும். ஆடிக் காட்டிவிட்டார்கள். உண்மையான சிக்கல் வேறு. உயரமானவன் சொதப்பினால் "வளர்வான், பொறுங்கள்" என்கிறோம். கட்டையானவன் சொதப்பினால் "பார்த்தீர்களா, சொன்னேனே" என்கிறோம். ஒருவனுக்கு அவகாசம், மற்றவனுக்கு ஒரே ஒரு வாய்ப்பு. விஷயம் இவ்வளவுதான்.

நம்பாதவர்கள் 2003 டிராஃப்ட்டை, அதாவது அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தெரிவுசெய்யும் நிகழ்வை, எடுத்துப் பாருங்கள். நியூயோர்க் ரேஞ்சர்ஸ் 12ஆவது தெரிவாக எடுத்தது ஹியூ ஜெசிமனை. 6 அடி 6 அங்குலம். அந்த உயரத்தைப் பார்த்து யாருக்குத்தான் வாய் ஊறாது? அவர் என்.எச்.எல்.லில் மொத்தம் ஆடியது 2 ஆட்டம், அதுவும் ரேஞ்சர்ஸுக்கு இல்லை. அதே டிராஃப்ட்டில் ஆறடியைத் தொடாத ஸாக் பரீஸ் 17ஆவதாகப் போய் 400க்கு மேல் கோல் அடித்தார். ஜெசிமனைக் குறை சொல்லவில்லை, பாவம், அவர் என்ன செய்வார். ஆனால் அவரைக் காட்டி "உயரமானவர்கள் சரிவர மாட்டார்கள்" என்று யாராவது எந்த மேடையிலாவது பேசியிருக்கிறார்களா?

இப்போது 2019க்கு வாருங்கள். கோல் கோஃபீல்ட் என்ற பெடியன் அமெரிக்காவின் 18 வயதுக்குட்பட்ட தேசிய அணியில் அந்தப் பருவம் அடித்தது 72 கோல். அந்தத் தேசிய அணியின் வரலாற்றிலேயே ஒரு பருவத்தில் அவ்வளவு யாரும் அடித்ததில்லை. டிராஃப்ட் அன்று 14 தெரிவுகள் அவரைத் தாண்டிப் போயின. ஏன்? 5 அடி 7 அங்குலம். எழுபத்திரண்டு கோல் யாருடைய கண்ணிலும் படவில்லை, இல்லாத நாலைந்து அங்குலம்தான் பட்டது. 15ஆவதாக மொன்றியல் அணி எடுத்தது. அப்புறமும் கதை முடியவில்லை. 2021-22 பருவத்தில் முதல் 30 ஆட்டத்தில் அவர் அடித்தது ஒரே ஒரு கோல். "சொன்னேனே" என்று சொல்ல அண்ணைமார் எல்லோரும் தயாராக இருந்தார்கள். அந்த பெப்ரவரியில் மார்ட்டின் செயின்ட் லூயி என்ற முன்னாள் ஆட்டக்காரர் மொன்றியலின் பயிற்சியாளராக வந்தார். மிச்சம் 37 ஆட்டத்தில் 22 கோல். இடையில் பெடியன் ஒரு அங்குலமும் வளரவில்லை. நம்பி ஐஸில் இறக்கினார்கள், அவ்வளவுதான்.

செயின்ட் லூயி ஏன் நம்பினார் என்று கேட்கவும் வேண்டுமா? அவரே 5 அடி 8 அங்குலம். டிராஃப்ட்டில் அவரை ஒருவரும் எடுக்கவேயில்லை. கல்கரி ஃபிளேம்ஸ் ஒப்பந்தம் செய்தது, 2000இல் வேண்டாமென்று விட்டது. டாம்பா பே எடுத்துக்கொண்டது. 2003-04 பருவத்தில் லீக்கிலேயே அதிக புள்ளிகள் (அடித்த கோலும், அடிக்க உதவிய அசிஸ்ட்டும் சேர்த்து) அவருக்கு, அணிக்கு மிகப் பெறுமதியான வீரருக்கான ஹார்ட் விருதும் அவருக்கு. அந்த வருடம் லீக்கின் சாம்பியனுக்கான ஸ்ரான்லி கிண்ண இறுதிச் சுற்றில் எதிரே நின்றது யார்? அதே கல்கரி. ஏழு ஆட்டத் தொடரில் ஆறாவது ஆட்டம், கல்கரியின் சொந்த மைதானம், ஒரு வெற்றி கிடைத்தால் கிண்ணம் அவர்களுக்கு. இரண்டாவது மேலதிக நேரம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கோல் அடித்தது செயின்ட் லூயி. ஏழாவது ஆட்டத்திலும் வென்று டாம்பா கிண்ணத்தைத் தூக்கியது. நான் இதை எத்தனை தரம் பார்த்தாலும் அலுக்காது.

கல்கரி கடைசியாகக் கிண்ணம் வென்றது 1989இல். அந்த அணியில் 5 அடி 6 அங்குலத்தில் ஒருவர் இருந்தார். தியோ ஃபிளூரி. 1987இல் 166ஆவது தெரிவு. பிறகு ஆயிரம் ஆட்டங்களுக்கு மேல், ஆயிரம் புள்ளிகளுக்கு மேல். மறந்துவிட்டார்கள் போல.

"இவர்கள் எல்லாம் விதிவிலக்கு." தெரியும், இதுதான் வரும். சரி, விதிவிலக்கு என்றே வைத்துக்கொள்வோம். இன்றைக்கு அந்த லீக்கில் சராசரி உயரம் ஏறக்குறைய 6 அடி 1 அங்குலம். ஐந்தரை அடிக்காரர்கள் குறைவு. மறுக்கவில்லை. ஆனால் குறைவாக இருப்பது ஆட முடியாததாலா, உள்ளே விடாததாலா? பத்து வயதிலிருந்தே ஒவ்வொரு அணித் தெரிவிலும் கழித்துக் கழித்து அனுப்பிவிட்டு, கடைசியில் எண்ணிப் பார்த்து "ஆளே இல்லையே" என்றால் எப்படி?

இந்தக் கழிப்பை நான் கிட்ட இருந்து பார்த்தவன். கனடாவில் சிறுவர் ஹொக்கியில் வயதுப் பிரிவு ஜனவரி 1இல் தொடங்குகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. மேல்மட்ட அணிகளில் வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே குவிந்திருப்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டிவிட்டார்கள். என் மருமகன் நவம்பர் கடைசி. பதின்மூன்று பதினான்கு வயதில் பத்து மாதம் என்றால் சும்மாவா? ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், மற்றவனுக்குக் குரல்கூட உடைந்திருக்காது. இரண்டு பேரையும் ஒரே மூலையில் மோதவிட்டு, "இவன் பலமானவன், அவன் பலவீனமானவன்" என்று எழுதிக்கொண்டு போவார்கள்.

கடந்த அணித் தெரிவில் அவன் மூலைக்குப் பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) எடுக்கப் போனதைச் சொல்கிறேன். பின்னால் அவனைவிடத் தலையளவு உயரமான ஒருவன் துரத்தி வருகிறான். போகிற வழியிலேயே இவன் இரண்டு தோளுக்கு மேலாலும் திரும்பிப் பார்த்துவிட்டான். பக்கைத் தொடும் கணத்தில் இடுப்பை மட்டும் இடப்பக்கம் சாய்த்தான், மற்றவன் அங்கே பாய்ந்தான், இவன் பக்கை ஆடுகளத்து ஓரப் பலகையில் தட்டி வலப்பக்கம் எடுத்துக்கொண்டு போய்விட்டான். மற்றவன் வெறும் பலகையில் போய் மோதினான், கண்ணாடி அதிர்ந்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், தெரிவாளர்களில் ஒருவர்தான், "நல்ல மோதல்" என்று எழுதினார். யாருக்கு? மோதத் தவறியவனுக்கு! நான் கண்ணால் பார்த்தேன். இவனுடைய அறிக்கையில் வந்த வரி, "திறமை உண்டு. உடலமைப்பு கவலை அளிக்கிறது." கவலை அளிக்கிறதாம். அக்காவுக்கே இல்லாத கவலை.

எல்லோருக்கும் விளங்காத விஷயம் இதுதான். கட்டையான ஆட்டக்காரன் அடி தாங்கிப் பிழைப்பதில்லை. அடி விழும் இடத்தில் இல்லாமல் பிழைக்கிறான். என்.எச்.எல். வீரர் லேன் ஹட்சன் எதிரணிப் பகுதி தொடங்கும் நீலக்கோட்டில் நின்று செய்வதைப் பாருங்கள். தலையும் தோளும் ஒரு பக்கம் போகும், கால் மற்றப் பக்கம் போகும், தடுக்க வந்தவர் ஆளைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போய்விடுவார். பின்கள வீரர், 5 அடி 9 சொச்சம், 2022 டிராஃப்ட்டில் 62ஆவது. பின்களத்துக்குக் கட்டையன் சரிவரவே மாட்டான் என்றார்கள். 2024-25இல் 66 புள்ளிகள், அதில் 60 அசிஸ்ட். அறிமுகப் பருவத்தில் ஒரு பின்கள வீரர் எடுத்த அதிகபட்ச அசிஸ்ட் சாதனையைச் சமன் செய்தார். சிறந்த அறிமுக வீரருக்கான கால்டர் விருதும் அவருக்குத்தான்.

சனிக்கிழமை வீட்டுக்குத் திரும்பும்போது காருக்குள் மருமகன் கேட்டது இவ்வளவுதான்: "மாமா, அந்த அங்கிள் ஹட்சன் விளையாடிப் பார்த்ததேயில்லையோ?" நான் என்ன பதில் சொல்ல?

அண்ணை கற்பனை செய்துகொண்டிருக்கும் என்.எச்.எல். ஒரு காலத்தில் இருந்தது, உண்மை. 1990களில் வேகமாகப் போகிறவனை ஸ்ரிக்கால் இடுப்பில் கொளுவி, ஓடுகிறவனின் வேட்டித் தலைப்பைப் பிடித்து இழுக்கிறமாதிரி இழுத்துவைத்திருப்பார்கள், நடுவர் கண்டும் காணாமல் இருப்பார். 2004-05 பருவம் முழுவதும் அணி உரிமையாளர்கள் செய்த கதவடைப்பில் போனது. திரும்பி வந்தபோது அந்தக் கொளுவல் பிடித்தலுக்கெல்லாம் கண்டிப்பாகத் தண்டனை கொடுக்கத் தொடங்கினார்கள். நடுச் சிவப்புக்கோட்டைத் தாண்டிய நீண்ட பாஸுக்கு இருந்த தடையையும் எடுத்தார்கள். ஆட்டம் வேகக்காரனின் கைக்கு வந்தது. இது நடந்து இருபது வருடம். அண்ணையின் பேச்சு மட்டும் இன்னும் கதவடைப்புக்கு முந்திய பருவத்தில் நிற்கிறது.

அடுத்தது காயம். "அக்கறையில் சொல்கிறோம், அடிபட்டால் யார் பொறுப்பு?" எரிக் லிண்ட்ரோஸ் 6 அடி 4 அங்குலம். அவருடைய காலத்தில் அவரைவிட முரட்டு உடம்பு தேடினால்தான் கிடைக்கும். 2000 மே மாதம் ஸ்கொட் ஸ்ரீவன்ஸ் கொடுத்த ஒரே மோதலில் விழுந்தார், அடுத்த பருவம் முழுவதும் ஆடவில்லை. உயரம் தலையைக் காப்பாற்றியதா? 5 அடி 10 அங்குல போல் கரியாவும் 2003 இறுதிச் சுற்றில் அதே ஸ்ரீவன்ஸிடம் வாங்கினார், எழுந்து வந்து அதே ஆட்டத்தில் கோலும் அடித்தார். பிற்காலத்தில் தலையடிகள் அவருடைய ஆட்டத்தையும் முடித்துவைத்தன, சரி. ஆனால் தலையடி ஆளின் உயரம் பார்த்து வருவதில்லை. அக்கறை என்றால் எல்லாப் பிள்ளைக்கும் அக்கறைப்படுங்கள்.

"இவ்வளவு செலவழித்து என்ன பலன்" என்ற காசுக் கணக்கை விடுகிறேன். ஹொக்கி செலவான விளையாட்டு என்று எங்களுக்குத் தெரியாதா? பில்லைக் கட்டுவது நாங்கள்.

கடைசி ஆயுதம் எப்போதும் பிளேஓஃப், பருவம் முடிந்தபின் கிண்ணத்துக்காக நடக்கும் வெளியேற்றுச் சுற்று. "சாதாரணப் பருவத்தில் ஆடுவார்கள், பிளேஓஃப் வந்தால் காணாமல் போய்விடுவார்கள்." இதை ரொறன்ரோவில் இருந்துகொண்டு, எங்கள் ஊர் அணியான மேப்பிள் லீஃப்ஸின் உடையைப் போட்டுக்கொண்டு சொல்வதற்கு உண்மையிலேயே ஒரு துணிச்சல் வேண்டும். 2013, 2018, 2019, 2024, 2025. இந்த ஐந்து வருடமும் லீஃப்ஸ் ஏழாவது ஆட்டத்தில் தோற்று வெளியே போனது. முதல் நான்கு பொஸ்டனிடம், கடைசி புளோரிடாவிடம். ஐந்திலும் எதிரணியில் இருந்த ஒரே ஆள் யார்? பிராட் மார்ஷண்ட். உயரம் 5 அடி 9. 2006 டிராஃப்ட்டில் 71ஆவது. பொஸ்டனோடு 2011இல் ஒரு கிண்ணம், புளோரிடாவோடு 2025இல் இன்னொன்று. 1967க்குப் பிறகு கிண்ணத்தையே காணாத ஊரில் நின்றுகொண்டு, எங்களை வருடக்கணக்காக அழவைத்த ஆளின் உயரத்தையாவது கவனித்திருக்க வேண்டாமா? ஒரு ஆட்டக்காரராக 11 முறை கிண்ணம் வென்ற ஆன்றி றிஷாரின் உயரம் 5 அடி 7. அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தொடவில்லை. அவரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.

நீளமாகப் போகிறது, தெரிகிறது. ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். இன்னொரு கட்டையான ஆட்டக்காரர் ஜொனி கோட்ரோ டிராஃப்ட்டில் 104ஆவது தெரிவு, 2021-22இல் 115 புள்ளி. 2024 ஆகஸ்ட்டில் அவரும் தம்பி மத்தியூவும் சைக்கிளில் போகும்போது வாகனம் மோதி இறந்தபோது எங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்தமாதிரி இருந்தது. மருமகன் அழுதான். முன்பின் தெரியாத ஒருவருக்காக ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் விளங்கியது. அவனுடைய அளவில் ஒரு ஆள் அங்கே நின்றுகொண்டிருந்தார், அதனால்தான். அந்தப் பிள்ளையைத்தான் மேடையில் ஏற்றிச் சிரித்தீர்கள்.

அவன் என்.எச்.எல். போவான் என்று நான் சொல்லவில்லை. அந்த உயரமான பெடியனும் போகமாட்டான், அநேகமாக. அந்த மண்டபத்தில் இருந்த எவருடைய பிள்ளையும் போகாது, அதுதான் கணக்கு. அப்படியிருக்க ஒருவனுக்கு மட்டும் ஏன் இப்போதே சொல்லவேண்டும்? அந்த உயரமான பெடியனும் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றான். இவனுடைய கூட்டாளி அவன். அது காணொளியில் தெரியாது, கமரா அந்தப் பக்கம் போகவில்லை.

"நகைச்சுவையாகச் சொன்னதை ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்கள்" என்று உள்பெட்டியில் கேட்டவருக்கு: உங்கள் மகளின் நிறத்தைப் பற்றி ஒருவர் மேடையில் நகைச்சுவை சொன்னபோது நீங்கள் எழுதிய பதிவை நான் மறக்கவில்லை. அன்றைக்கு நானும் உங்கள் பக்கம்தான் நின்றேன்.

"நீ ஹொக்கி ஆடியிருக்கிறாயா?" இல்லை. அண்ணையும் ஆடியதில்லை.

அடுத்த தெரிவுக்கு வேறொரு அணியில் பதிந்திருக்கிறோம். படிவத்தில் உயரத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. ஒரு அங்குலம் கூட்டிப் போடடா என்றேன். மாட்டானாம், உள்ளதைத்தான் எழுதுவானாம். என்.எச்.எல். அணிகளே கூட்டித்தான் போடுகிறார்கள் என்று சொல்லியும் கேட்கவில்லை.