கவிஞர் யாருக்காக எழுதினால் என்ன?

பழைய பாட்டு ஒன்றைப் போட்டால் போதும், பக்கத்தில் இருப்பவர் ஆரம்பித்துவிடுகிறார்: "இது யாருக்காக எழுதினது தெரியுமா?" பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இந்த வியாதி கொஞ்சம் கூடுதல். தமிழும் மலையாளமும் மாறி மாறி ஓடுகிற ஊர். எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்த எலப்புள்ளி பக்கத்தில்தான். அதனால் சினிமாப் பாட்டு என்றால் ஆளாளுக்குப் பட்டா வைத்திருக்கிறோம்.

சமீபத்தில் டீக்கடையில் 'நலந்தானா' ஓடிக்கொண்டிருந்தது. கடைக்கார அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அறிஞர் அண்ணா அமெரிக்கா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப கண்ணதாசன் நலம் விசாரிச்சு எழுதுனதுங்க இது. கண்பட்டதால்னு வருதில்ல, கவனிச்சீங்களா?"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பாட்டு வருகிற தில்லானா மோகனாம்பாள் படம் திரைக்கு வந்தது 1968 ஜூலையில். அண்ணா அறுவை சிகிச்சைக்கு நியூயார்க் போனது செப்டம்பரில். ஆஸ்பத்திரிக் கதை அதோடு சரி. இதைச் சொன்னதும் அவருக்கு முகம் தொங்கிவிட்டது. "எங்கப்பா சொன்னதுங்க" என்றார்.

அவர் அப்பா பொய் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த மாதங்களை நினைத்துப் பாருங்கள். படம் வந்து பாட்டு ஊரெல்லாம் பரவுகிறது. அண்ணாவுக்குப் புற்றுநோய் என்று தெரிகிறது. சிகிச்சை முடிந்து திரும்புகிறார், 1969 பிப்ரவரி 3ஆம் தேதி போயே போய்விடுகிறார். இதற்கு நடுவில் சுசீலா குரல் உடலும் உள்ளமும் நலமா என்று விசாரித்தால், கேட்கிறவன் யாரை நினைப்பான்? தன் மனசில் கிடந்த கேள்வியைப் பாட்டில் கேட்டிருக்கிறான். அப்புறம் அதைத் தன் பேரில் வைத்துக்கொள்ளக் கூச்சப்பட்டு, கவிஞர் கணக்கில் வரவு வைத்துவிட்டான். இப்படித்தான் அந்தக் கதை பிறந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

எனக்கு ஆதங்கமே இந்தக் கூச்சத்தின் மேல்தான். நமக்குத் தோன்றிய பொருளுக்கு எதற்குக் கவிஞரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்? அதுவும் சினிமாப் பாட்டில்! நலம் விசாரிப்பவள் மோகனாம்பாள், காயம்பட்டவர் சிக்கல் சண்முகசுந்தரம். அவர்களைப் படைத்தவர் கொத்தமங்கலம் சுப்பு. அதைப் படமாக்கியவர் ஏ.பி.நாகராஜன், மெட்டுப் போட்டவர் கே.வி.மகாதேவன். இத்தனை பேர் கை வைத்த பாட்டில் 'கவிஞர் மனசில் இருந்தது' என்று எதைத் தனியாகப் பிரித்தெடுப்பது?

எங்கள் ஊரில் சாவு விழுந்தால் மைக் செட்காரர் முதலில் போடுவது 'வீடு வரை உறவு'. 1962இல் பாத காணிக்கை படத்துக்காக எழுதியது. பந்தலில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் படமும் ஞாபகமில்லை, காட்சியும் ஞாபகமில்லை. மலையாளி வீட்டார் வந்தாலும் அந்தப் பாட்டுக்குத் தலை குனிந்துதான் உட்காருகிறார்கள். கண்ணதாசனுமே அங்கே ஒரு ரசிகர்தான். அகத்து மட்டே, வீதி மட்டே, சுடுகாடு மட்டே என்று பட்டினத்தார் பாடி வைத்ததைக் கேட்டு, தன் காலத்து மெட்டுக்குத் தகுந்தமாதிரி திருப்பிச் சொன்னார். பட்டினத்தார் என்ன நினைத்துப் பாடினார் என்று அவர் யாரிடம் போய் அனுமதி கேட்டார்?

மலையாளத்திலும் இதே கதைதான். 'ஓமனத்திங்கள் கிடாவோ' இரயிம்மன் தம்பி எழுதிய தாலாட்டு. ஆண் வாரிசு இல்லாமல் ராணி கௌரி லட்சுமிபாய் ஆண்டுகொண்டிருந்த திருவிதாங்கூரில் 1813இல் பிறந்த இளவரசர் சுவாதித் திருநாளுக்காக எழுதியது. குழந்தையை நிதியோ, அமுதோ என்று அடுக்கிக்கொண்டே போவதில் ஒரு ராஜ்யத்தின் நிம்மதியும் சேர்ந்திருக்கிறது. எங்கள் சித்தூர்ப் பக்கம் அப்போது திருவிதாங்கூரே இல்லை, கொச்சி ராஜ்யம். ஆனாலும் இங்கே தமிழ் வீட்டுத் தூளிகளில் கிடந்த பிள்ளைகள்கூட அதைக் கேட்டுத் தூங்கியிருக்கிறார்கள். ஆட்டுகிற பாட்டிக்கு எந்த ராஜா, எந்த வாரிசு? அவள் பேரன்தான் திங்கள்.

அதற்காக எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று நான் சொல்லவில்லை. பல்லவியை மட்டும் வெட்டி ஸ்டேட்டஸ் வைக்கிற கூட்டத்தோடு எனக்கு ஒத்துவராது. 'போனால் போகட்டும் போடா'வைக் காதலி பேசாமல் போனதற்கும் போடுகிறார்கள், கிரிக்கெட்டில் தோற்றதற்கும் போடுகிறார்கள். பாலும் பழமும் படத்தில் மனைவி செத்துவிட்டாள் என்று நம்பும் டாக்டர் பாடுவது அது. சரி, படத்தை விடுங்கள். சரணத்தையாவது கேட்க வேண்டாமா? ஜனனம், மரணம் என்று வரி வரியாகச் சாவைப் பற்றியே போகிறதே. நான் பார்ப்பது இவ்வளவுதான்: நீங்கள் சொல்கிற பொருள் கடைசிச் சரணம் வரை தாக்குப்பிடிக்கிறதா? பிடித்தால் அது பாட்டின் பொருள்தான், எழுதியவரே எழுந்து வந்து மறுத்தாலும்.

இனி யாராவது 'அந்த சிவகாமி மகனிடம்' பாட்டோடு வருவீர்கள், அது காங்கிரஸில் சேர விரும்பிக் காமராஜருக்குக் கவிஞர் விட்ட தூது என்று. காமராஜரின் அம்மா பெயர் சிவகாமி என்பது வாஸ்தவம்தான். ஆனால் காங்கிரஸில் சேரத்தான் தூது என்றால், கவிஞர் இருந்த தமிழ் தேசியக் கட்சி 1964இலேயே காங்கிரஸோடு இணைந்துவிட்டது, இந்தப் பாட்டு இருக்கிற 'பட்டணத்தில் பூதம்' படம் வந்தது 1967இல். பாட்டு அதற்கு முன்பே எழுதியது என்று தேதியோடு யாராவது காட்டினால் டீ என் செலவு. அதுவரைக்கும் சிவகாமி மகன் முருகனாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.