அல்சேஷன் பிரெஞ்சு நாய் அல்ல

'அல்சேஷன் பிரான்சின் அல்சேஸ் பகுதியில் போலீஸ் வேலைக்கென்றே உருவாக்கிய நாய்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்பு. அது ஜெர்மன் ஷெப்பர்டுதான். பெயரிலேயே மேய்ப்பன் இருக்கிறான். 1899-இல் ஸ்டெஃபானிட்ஸ் என்ற முன்னாள் குதிரைப்படை அதிகாரி ஒரு கண்காட்சியில் ஹெக்டர் என்ற மேய்ச்சல் நாயை வாங்கி, ஹோராண்ட் என்று பெயர் மாற்றி, அதையே இனத்தின் முதல் நாயாகப் பதிந்தார். வேலி இல்லாத வயலோரத்தில் நாள் முழுக்க முன்னும் பின்னுமாக நடந்து, ஆடுகள் பயிரில் வாய் வைக்காமல் தடுப்பதுதான் இவற்றின் பிழைப்பு. மேய்ச்சல் குறைந்த பிறகுதான் ஸ்டெஃபானிட்ஸே இவற்றைப் போலீஸ், ராணுவம் பக்கம் திருப்பினார்.

சரி, அல்சேஷன்? முதல் உலகப்போரில் 'ஜெர்மன்' என்றாலே பிரிட்டனில் கசந்தது. பெயரை மாற்றிவிட்டார்கள். 1977-இல் அங்கே பழைய பெயர் திரும்பிவிட்டது. நம்மூரில்தான் இன்னும் அல்சேஷன்!