கல்லறைத் தோட்டத்து வாசலில் கேட்கப்பட்ட ரசீது

கடந்த வியாழக்கிழமை நம் கல்லறைத் தோட்டத்து வாசலில் நடந்ததை நான் மறுபடியும் விவரிக்கத் தேவையில்லை. வெளியூரில் இருக்கும் சபையாருக்கும் அன்று மாலைக்குள்ளேயே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரே மகனைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஒரு விதவைத் தாய் வெயிலில் நின்றார். அவன் குடித்தான், ஒன்பது ஆண்டுகளாக நற்கருணை எடுக்கவில்லை, சபைக்கு மாதாமாதம் கட்ட வேண்டிய சங்கக் காணிக்கையைப் பாக்கி வைத்திருந்தான் என்று சொல்லி, பாக்கியைக் கட்டி ரசீது வாங்கினால்தான் குழிக்கு அனுமதி என்றார்கள் சபைக் கமிட்டியார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம். பெட்டியின் மேல் கிடந்த செவ்வந்தி வாடிச் சுருண்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கடைசியில் பணம் கட்டியவர்கள் அந்தத் தாயோடு பீடி சுற்றும் பெண்கள். அவர்களில் பாதிப் பேர் நம் சபையாரே அல்லர்.

நடந்தது நடந்துவிட்டது என்று வாய்மூடி இருந்திருப்பேன். ஆனால் ஞாயிறு ஆராதனையில் பிரசங்கியார், "நீதியின்மேல் பசிதாகமுள்ளவர்கள் பாக்கியவான்கள்" என்ற வசனத்தை எடுத்துப் பிரசங்கித்து, சபையின் ஒழுங்கைக் காக்க நிற்பவர்களே அந்தப் பசியுள்ளவர்கள் என்று விளக்கியபோது, எனக்கு அந்த இடத்தில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அடுத்த வசனம் வாசிக்கப்படவே இல்லை. மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் 6ஆம் வசனத்துக்கும் 7ஆம் வசனத்துக்கும் நடுவே ஓர் எண் மட்டுமே இருக்கிறது. அந்த எண்ணும் பிற்காலத்தார் போட்டது. "இரக்கமுள்ளவர்கள் பாக்கியவான்கள்" என்று ஆண்டவர் அதே மூச்சில்தான் சொன்னார்.

பசி என்பது என் வயிற்றில் எரிவது. அடுத்தவன் வயிற்றைத் தொட்டுப் பார்த்து அதை நான் அறிய முடியாது. மழைக்காலம் போனால் மாதக்கணக்கில் வானம் பார்த்திருக்க வேண்டிய கலிலேயா மண்ணில், அன்றன்றைய கூலியை வாங்கி அன்றன்று சமைத்த ஜனங்களிடம் அவர் "பசி" என்றும் "தாகம்" என்றும் சொன்னார். பசித்தவன் வாசலில் காவல் நிற்க மாட்டான்; கையேந்தி நிற்பான். நீதியின்மேல் பசியுள்ளவன் என்றால், தனக்குள் நீதி இல்லையே என்று தவிப்பவன், தன்னைச் சுற்றி நியாயம் செத்துக் கிடக்கிறதே என்று உறங்காமல் இருப்பவன் என்றுதான் நான் அறிந்திருக்கிறேன். பிறனுடைய குறையைக் கணக்கெடுப்பதற்கு அந்தப் பெயரைச் சூட்டுவது வசனத்துக்குச் செய்யும் அநியாயம்.

எபிரெயத்தில் நீதியைக் குறிக்கும் "செதாக்கா" என்ற சொல்லே பின்னாளில் ஏழைக்குச் செய்யும் தர்மத்துக்கும் பெயராயிற்று. நீதியையும் இரக்கத்தையும் எதிரெதிர் வீட்டுக்காரர்கள்போல நாம் பேசுவது அந்த மொழிக்காரர்களுக்கு விளங்கியிராது. "பலியையல்ல இரக்கத்தையே விரும்புகிறேன்" என்ற ஓசியா தீர்க்கதரிசியின் வார்த்தையை இயேசு மத்தேயு சுவிசேஷத்தில் இரண்டு முறை எடுத்துச் சொல்கிறார். இரண்டு முறையும், ஒழுங்கைக் காக்கிறோம் என்று வந்து நின்ற பரிசேயர் என்ற யூத மதக்குழுவினரிடமே சொல்கிறார்.

இனி எனக்குச் சொல்லப்படும் மறுப்புகளுக்கு வருகிறேன். சங்கக் காணிக்கை வசூலாகாவிட்டால் உபதேசியாருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நான் ஒரு மாதமும் தவறாமல் கட்டுகிறவன். கட்டாதவர்களின் வீட்டுக்கு நேரில் போய்க் கேட்க வேண்டும் என்று கூட்டத்தில் பேசியவனும் நானே. ஆனால் கேட்பதற்கு ஒரு வேளை உண்டு. ஒன்பது ஆண்டுகள் அந்த வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. பிரேதம் வாசலுக்கு வந்த பிறகே பேரேடு திறக்கப்பட்டது. ஆபிரகாமே 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்துத்தானே தன் மனைவி சாராளை அடக்கம் செய்தார் என்று ஓர் அண்ணன் பின்னூட்டத்தில் எழுதியிருக்கிறார். அந்த அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள், அண்ணா. அந்தத் தேசத்து ஜனங்களான ஏத்தின் புத்திரர், எங்கள் கல்லறைகளில் முதல்தரமானதில் அடக்கம்பண்ணும் என்று முதலில் சொன்னார்கள். விலை கொடுப்பேன் என்று பிடிவாதமாக நின்றவர் ஆபிரகாம். கர்த்தரை அறியாத அவர்களுக்கு இருந்த பண்பு, ஞானஸ்நானம் பெற்ற நமக்கு ஏன் இல்லாமல் போயிற்று?

இன்னொன்றையும் சொல்கிறேன். யூதாஸ் எறிந்துவிட்டுப் போன முப்பது வெள்ளிக்காசை இரத்தக்கிரயம் என்று காணிக்கைப் பெட்டியில் போட மறுத்த பிரதான ஆசாரியர், அதைக்கொண்டு குயவனுடைய நிலத்தை வாங்கி, அந்நியரை அடக்கம்பண்ணுவதற்கு ஒதுக்கினார்கள். ஆண்டவரைக் காட்டிக்கொடுக்கக் காசு கொடுத்தவர்களுக்குக்கூட, ஊர் பேர் தெரியாதவனுக்கும் ஒரு குழி வேண்டும் என்று தோன்றியது. நம் ஆண்டவரோ அரிமத்தியா ஊர் யோசேப்பின் கல்லறையில், இன்னொருவர் தமக்கென வெட்டிவைத்த இடத்தில் கிடத்தப்பட்டார். அந்த வாசலில் யாரும் ரசீது கேட்கவில்லை.

சபைக் குறையை முகநூலில் எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நீண்ட பதில் இல்லை. வெட்டவெளியில் நிறுத்தப்பட்ட ஒரு தாய்க்காக நான் மட்டும் ஏன் மறைவில் பேச வேண்டும்?

என்னை நீதிமானாகக் காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. 1998இல் நான் கமிட்டிச் செயலாளராக இருந்தேன். பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு எழுதிக்கொடுக்க ஒரு பெரியவர் வந்தார். அவருடைய மகள் வேறு மதத்தில் திருமணம் செய்து, கணவனை இழந்து திரும்பி வந்திருந்தாள். பாக்கியைத் தீர்த்துவிட்டு வாருங்கள் தாத்தா என்று நான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. வேட்டி மடியை அவிழ்த்து, நான்காக மடித்த நோட்டுகளையும் சில்லறையையும் மேசையில் வைத்து, 180 ரூபாயை எண்ணினார். எண்ணும்போது விரல் நடுங்கியதால் இரண்டு முறை தவறி மூன்றாம் முறை சரியாக எண்ணினார். நான் கார்பன் தாளை வைத்து ரசீது எழுதிக் கொடுத்தேன். என் விரலில் நீல மை ஒட்டியிருந்ததையும், அதை நான் மேசைத் துணியில் துடைத்ததையும் இன்றும் மறக்க முடியவில்லை. அன்று நான் தவறு எதுவும் செய்யவில்லை என்றே நினைத்தேன். விதிப்படி நடந்தேன். வியாழக்கிழமை வாசலில் நின்ற கமிட்டியாரும் அப்படியே நினைத்திருப்பார்கள். அவர்கள்மேல் கோபம் வரும்போதெல்லாம் அந்த மை என் கண்முன் வருகிறது. கோபம் அதனால் குறையவில்லை, அவர்களோடு என்னையும் சேர்த்துக் கோபிக்கிறேன். அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்க நான் துணிவதற்குள் அவர் போய்விட்டார். அவருடைய அடக்கத்துக்கும் நான் போகவில்லை.

அடக்க அனுமதிக்கும் சங்கப் பாக்கிக்கும் தொடர்பு இருக்கக் கூடாது என்று ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோவிலின் தெற்கு வாசலில், வேப்பமரத்தடியில் இருப்பேன். மனமுள்ளவர்கள் வந்து கையெழுத்திடலாம். அந்தத் தாயாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பணத்தைப் பற்றி யாரும் அவரிடம் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். அவர் மகனுடைய பெயரைச் சொல்லி விசாரியுங்கள்.