டோலிக்கு யார் கூலி கொடுத்தார்கள்?

உத்தரப் பிரதேசத்து அலிகர் என்றாலே எல்லோரும் அங்கே முஸ்லிம்களுக்காகக் கல்லூரி தொடங்கிய சர் சையத் அகமது கானைத்தான் சொல்கிறோம். சொல்ல வேண்டிய மனிதர்தான். ஆனால் 1882இல் ஆங்கில அரசு அமைத்த கல்விக் குழுவின் முன்னால் அவர் பேசியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முஸ்லிம் ஆண்கள் முதலில் படித்து மேலே வரட்டும், பெண்கள் படிப்பு அதற்கப்புறம் தானாக வரும் என்பதுதான் அவர் நிலைப்பாடு.

அவர் கல்லூரியில் படித்து வக்கீலான ஷேக் அப்துல்லாவும் (காஷ்மீர்த் தலைவர் வேறு, இவர் வேறு) அவர் மனைவி வஹீத் ஜஹான் பேகமும் அதுவரை காத்திருக்கத் தயாராக இல்லை. 1904இல் பெண்களுக்காக ‘காத்தூன்’ என்று உருது மாத இதழ் தொடங்கினார்கள். 1906இல் அலிகர் ஊருக்குள் சின்னதாக ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பாடம் நடத்துவதைவிட அந்தப் பிள்ளைகளை வீட்டிலிருந்து கூட்டி வருவதுதான் பெரும்பாடாக இருந்திருக்கிறது. பர்தா வீட்டுப் பெண் தெருவில் நடந்து வர முடியாது. திரை போட்ட டோலியில் தூக்கி வர வேண்டும், தூக்குகிறவர்களுக்குக் கூலி தர வேண்டும். எனக்கு இந்த இடத்தைச் சட்டென்று தாண்ட முடியவில்லை. பெண்கல்வி வரலாறு எழுதுகிறவர்கள் பாடத்திட்டத்தையும் திறப்பு விழாவையும் எழுதுகிறார்கள். டோலியை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த டோலி ஒருநாள் வராவிட்டால் அன்று பள்ளிக்கூடமே கிடையாது!

வெளியூர்ப் பிள்ளைகளுக்கு டோலியும் உதவாது. அதற்குத்தான் 1914இல் விடுதி வந்தது. போபாலை ஆண்ட சுல்தான் ஜஹான் பேகம் வந்து திறந்துவைத்தார். பர்தாவுக்குள் இருந்தபடியே ஒரு சமஸ்தானத்தை ஆண்ட பெண்மணி அவர். அவர் வந்து நின்றதே பல வீடுகளின் வாயை அடைத்திருக்கும்.

சரி, யாரை நம்பி வயசுக்கு வந்த பெண்ணை அனுப்புவது? வஹீத் ஜஹானை நம்பித்தான். விடுதிப் பிள்ளைகளுக்குத் தாயாக நின்றவர் அவர். ‘ஆலா பீ’ என்று கூப்பிட்டார்கள். தன் மகள்களையும் அங்கேயே படிக்க வைத்தார். மூத்தவர் ரஷீத் ஜஹான், பின்னாளில் டெல்லி லேடி ஹார்டிங்கில் மருத்துவம் படித்து டாக்டரானார், எழுத்தாளருமானார். உருது எழுத்தாளர் இஸ்மத் சுக்தாயும் இந்தப் பள்ளியில் படித்தவர்தான். 1930களில் இங்கே பட்டப்படிப்பே வந்துவிட்டது.

என் சாச்சி, அதாவது சித்தி, பிளஸ் டூவில் நல்ல மார்க். காலேஜுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், அங்கே விடுதி இல்லை. வீட்டுப் பெரியவரான வாப்பிச்சா ஒரு வார்த்தைகூடப் படிப்புக்கு எதிராகச் சொன்னதில்லை. “எங்கே தங்குவா?” என்று மட்டும்தான் கேட்டார்கள். பதில் சொல்ல ஆளில்லை. அத்தோடு நின்றது சாச்சியின் படிப்பு.

ஷேக் அப்துல்லாவுக்கு 1964இல் பத்மபூஷண் கொடுத்தார்கள். தகும். கல்லூரியையும் அப்துல்லா காலேஜ் என்றே சொல்கிறார்கள். 1939இல் காலமாகிவிட்ட வஹீத் ஜஹானின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

நம் ஊர்ப்பக்கம் பெண்கள் கல்லூரி கட்டப்போகிறோம் என்று நன்கொடை கேட்டு வருகிறவர்களிடம் நான் இப்போதெல்லாம் இரண்டே கேள்விதான் கேட்கிறேன். விடுதியில் எத்தனை பிள்ளைகள் தங்கலாம்? வார்டன் யார்?