ஆமாம், அந்த கேடிலாக் அழகுதான்

போன சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கம் நடந்த பழைய கார் ஊர்வலமான வுட்வர்ட் டிரீம் குரூஸில் எடுத்த 1959 கேடிலாக் கார் படத்தை இங்கே போட்டேன். அதன் கீழே வந்த கேலிக் கமெண்டுகள் உங்களில் பலருக்குத் தெரியும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு குழுவில் போட்டுச் சிரித்ததும் தெரிந்திருக்கும். பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

"தகரத்துக்கு நகை மாட்டியிருக்கிறார்கள்." "ஜெர்மன்காரன் கார் செய்வான், அமெரிக்கன் அதில் ஜிகினா ஒட்டுவான்." இப்படி வரிசையாக. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில்: அந்த கார் அழகு. பழசு என்பதால் சொல்லவில்லை, விலை அதிகம் என்பதாலும் இல்லை. செய்தவர்கள் பயப்படாமல் செய்ததால் அழகு.

ஜிகினா என்று சொன்ன நண்பர்கள் யாராவது அந்த வண்டியின் பின்னால் போய் நின்றதுண்டா? கிட்டத்தட்ட 5.7 மீட்டர் நீளம். பக்கவாட்டில் கிளம்பும் கோடு பின்னால் போகப் போக உயர்ந்து, மீன் துடுப்பு மாதிரி ஒரு ஃபின்னாக மாறி, என் இடுப்புக்கு மேல் வந்து நிற்கிறது. அந்த ஃபின்னின் நடுவில் ராக்கெட் மூக்கு மாதிரி இரண்டு சிவப்பு விளக்குகள். கீழே, முன்பக்கம் காற்று போக வைத்த கிரில்லைப் போலவே பின்னாலும் ஒரு கிரில். அதன் வழியாகக் காற்று போகாது, அதனால் ஒரு உபயோகமும் கிடையாது. அழகுக்காக மட்டும் வைத்தார்கள், அதை மறைக்கவும் இல்லை. இந்தத் துணிச்சல் இன்றைக்கு எந்த கம்பெனிக்கு இருக்கிறது?

இந்த ஃபின் ஒரே ராத்திரியில் முளைத்ததும் இல்லை. கேடிலாக்கைச் செய்யும் ஜெனரல் மோட்டார்ஸின் அன்றைய வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல், இங்கே மிச்சிகனில் இருக்கும் செல்ஃப்ரிட்ஜ் விமானத் தளத்துக்குத் தன் ஆட்களை அழைத்துப்போய் லாக்ஹீட் பி-38 போர் விமானத்தைக் காட்டினார். அதன் இரட்டை வால் மனதில் தங்கி, போர் முடிந்தபின் 1948 கேடிலாக்கில் சின்ன மேடாக வந்தது. பதினோரு வருடத்தில் அது எங்கே போய் நின்றது என்பதற்குத்தான் நான் போட்ட படம் சாட்சி.

நடுவில் நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 1956 கோடையில் ஜெனரல் மோட்டார்ஸின் இளம் வடிவமைப்பாளர் சக் ஜோர்டன், போட்டிக் கம்பெனியான கிரைஸ்லரின் இடம் ஒன்றின் வேலிக்கு வெளியே காரை நிறுத்தி உள்ளே பார்க்கிறார். கிரைஸ்லரின் வடிவமைப்பாளர் வெர்ஜில் எக்ஸ்னர் செய்த 1957 பிளைமவுத் கார்கள் வரிசையாக நிற்கின்றன. தாழ்ந்த கூரை, மெல்லிய தகடு, சீறி எழும் ஃபின். திரும்பிப் போய் சொல்கிறார், மற்றவர்களும் போய்ப் பார்க்கிறார்கள். ஏர்ல் அப்போது ஐரோப்பாவில். 1959க்காகச் செய்துவைத்திருந்த கனமான வடிவங்களை ஒதுக்கிவிட்டு, தலைவர் ஊரில் இல்லாத நேரத்தில் முதலிலிருந்து தொடங்கினார்கள். வேலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு பெரிய காரியம் என்று.

இனி ஆட்சேபணைகள். "பாதுகாப்பு பூஜ்யம்." சரி. 2009இல் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 1959 செவ்ரோலே பெல் ஏரையும் அதே பிராண்டின் 2009 மாலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டுக் காட்டியது. பெல் ஏரில் ஆளுக்குப் பதில் வைத்த பொம்மை நிஜ மனிதராக இருந்தால் பிழைத்திருக்க மாட்டார். ஃபின்கள் பாதசாரிகளைக் காயப்படுத்தியதை கார் பாதுகாப்புக்காகப் போராடிய ரால்ஃப் நேடர் 1965லேயே எழுதிவிட்டார். ஒப்புக்கொள்கிறேன். அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போங்கள் என்று நான் சொன்னேனா? பார்க்க அழகு என்றேன்.

"பெட்ரோலைக் குடிக்கும்." 6.4 லிட்டர் எஞ்சின், குடிக்கத்தான் செய்யும். அடுத்தது.

"வருடா வருடம் உருவத்தை மாற்றி, போன வருடக் காரைப் பழசாக்கி விற்கும் தந்திரம்." ஆமாம், வியாபாரம்தான். வியாபாரத்துக்குச் செய்ததில் அழகே இருக்கக் கூடாதா? 1957 பெல் ஏரில் பெட்ரோல் மூடி எங்கே என்று தேடிப் பாருங்கள். இடது ஃபின்னின் ஓரத்தில் இறங்கும் குரோம் பட்டையைத் திறந்தால் உள்ளே இருக்கும். யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து, ஆசையாகச் செய்த வேலை அது. அதுவும் ஜெனரல் மோட்டார்ஸ் விற்றவற்றில் விலை குறைந்த பிராண்டான செவ்ரோலேயில்!

பிரபல வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவியே இந்த மாதிரி கார்களைச் சக்கரம் வைத்த ஜூக்பாக்ஸ் (காசு போட்டால் பாடும் ஜிகுஜிகு பாட்டுப் பெட்டி) என்று 1955இல் திட்டினாரே என்று ஒருவர் கேட்டார். லோவி பெரிய ஆள். அவருடைய ஸ்டூடியோவிலிருந்து வந்த 1953 ஸ்டூடிபேக்கர் கூபே எனக்கும் உயிர். ஆனால் ஜூக்பாக்ஸுக்கு என்ன குறை? பொருளாதாரச் சரிவையும் போரையும் பார்த்துவிட்டு வந்த ஒரு தொழிலாளி, இரண்டு வண்ணம் அடித்த செவ்ரோலேயை வீட்டு வாசலில் நிறுத்திப் பார்த்து சந்தோஷப்பட்டால் யாருக்கு நஷ்டம்? கோபுரத்தில் ஓர் அங்குலம் விடாமல் பொம்மை வைத்து, ஒவ்வொரு பொம்மைக்கும் வண்ணம் பூசுகிற ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். அலங்காரம் என்றாலே முகம் சுளிக்க எங்கே கற்றுக்கொண்டோம்?

இதெல்லாம்கூட எனக்கு வலிக்கவில்லை. ரசனை ஆளுக்கு ஆள் மாறும். "டிரைவர் மகன்தானே, முதலாளி காரைப் பார்த்தால் வாயைப் பிளக்கத்தான் செய்வார்" என்று எழுதினாரே ஒருவர், அதுதான் வலித்தது. அதற்கு விழுந்த சிரிப்பு ஸ்மைலிகளில் தெரிந்த பெயர்களும் இருந்தன.

ஆமாம், அப்பா டிரைவர். காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில், பம்பாயில் பிரீமியர் கம்பெனி பூட்டிக் கொடுத்த பழைய பிளைமவுத்தை ஓட்டினார். கிழிந்த பனியன் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து பம்பரைத் துடைப்பார். என் விரலைப் பிடித்து ஹெட்லைட் மேலிருந்து கதவு வரைக்கும் இழுத்துக்கொண்டே போய், "எங்கயாச்சும் கோடு உடையுதா பாரு" என்பார். உடையாது. வடிவமைப்பு என்று ஒரு படிப்பு இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு காரை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அந்தப் பார்வைக்கு நீங்கள் வைத்த பெயர் வாய் பிளப்பது. உங்களுடைய கறுப்பு ஜெர்மன் கார் முன்னால் நின்று நீங்கள் போட்ட படத்துக்கு நான் ஒரு வார்த்தை தப்பாக எழுதியிருக்கிறேனா? நல்லா இருக்கு என்றுதானே எழுதினேன்!

படத்தை எடுக்கச் சொல்லி இன்பாக்ஸில் வந்தவர்களுக்கு: எடுக்க மாட்டேன். பிளைமவுத், பியூக், டிசோட்டோ எல்லாம் இன்னும் நிறைய இருக்கிறது, ஒவ்வொன்றாகப் போடுவேன். ஃபின்னைத் திட்டுங்கள், குரோமைத் திட்டுங்கள், உட்கார்ந்து பதில் சொல்கிறேன். என் அப்பாவை இழுத்தால் பிளாக்.