முதலிடத்தில் 14 வாரம்

(மலேசியா, பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் டவுன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. ஓய்வுபெற்ற ரப்பர் எஸ்டேட் கிராணியும் (கணக்கர்), கல்யாணங்களுக்கு ஒலிபெருக்கி கட்டும் தம்பியும் தே தாரிக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.)

கிராணி: தம்பி, ஞாயிற்றுக்கிழமை மகள் கல்யாணம். பொண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் நுழையும்போது ஒரே பாட்டுத்தான். விட்னி ஹூஸ்டன்.

தம்பி: அவர் நிறையப் பாடியிருக்கிறாரே ஐயா. எது?

கிராணி: தொண்டை கிழியப் பாடுவாரே, அது. அமெரிக்காவின் பாட்டுப் பட்டியலில் 14 வாரம் முதலிடமாம். காலமெல்லாம் எஸ்டேட்டில் ஆள் கணக்கு, செக்ரோல் எழுதினவன் நான். எண்ணிக்கையைப் பார்த்துத்தான் எதையும் நம்புவேன்.

தம்பி: ஐ வில் ஆல்வேஸ் லவ் யூவா? வேண்டாம் ஐயா.

கிராணி: ஏன், கேசட் அறுந்துபோச்சா?

தம்பி: இப்போது ஏது கேசட்! அது விட்டுப் போகிறவள் பாடுகிற பாட்டு. நான் இருந்தால் உனக்கு இடைஞ்சல், கிளம்புகிறேன் என்றுதான் ஆரம்பமே.

கிராணி: தாலி கட்டுவதற்கு முன்பேயா?

தம்பி: முதலில் டாலி பார்ட்டன் எழுதிப் பாடியது. கண்ட்ரி என்கிற அமெரிக்கக் கிராமியப் பாணிப் பாடகி அவர். டிவி நிகழ்ச்சியில் கூடப் பாடிக்கொண்டிருந்த போர்ட்டர் வேகனரை விட்டுத் தனியாகப் போகும்போது, அவரிடம் விடைபெற எழுதினார். 1974இல் கண்ட்ரி பட்டியலில் முதலிடம். 1982இல் அவரே மறுபடி பாடிப் பதிவு செய்தார். மறுபடியும் முதலிடம்.

கிராணி: வேலையை விட்டு நிற்கிறேன் என்று லெட்டர் கொடுத்தால், எங்கள் மேனேஜர் தலை நிமிராமல் கையெழுத்துப் போடுவார். இந்தம்மா அதையே பாட்டாக்கி இரண்டு தடவை ஜெயித்திருக்கிறாரே!

தம்பி: எல்விஸ் பிரெஸ்லிகூட அதைப் பாட ஆசைப்பட்டார். பாட்டின் உரிமையில் பாதி வேண்டும் என்று அவருடைய மேனேஜர் கேட்டார். இந்தம்மா முடியாது என்றுவிட்டார்.

கிராணி: பாதியா? என் சம்பந்தியே அவ்வளவு கேட்கவில்லை. சரி, விஷயத்துக்கு வா. 14 வாரம் உண்மையா, இல்லையா?

தம்பி: உண்மை. விட்னி பாடியது 1992 நவம்பர் கடைசியில் பில்போர்டு ஹாட் 100 என்கிற அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் உச்சிக்குப் போனது, 1993 பிப்ரவரி கடைசி வரைக்கும் இறங்கவில்லை. இங்கிலாந்தில் 10 வாரம்.

கிராணி: என் மச்சினனும் அப்படித்தான். தைப்பூசத்துக்கு என்று பட்டர்வொர்த்திலிருந்து வந்தான். இன்னும் என் சாய்வு நாற்காலியை விட்டு இறங்கவில்லை.

தம்பி: ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்தப் பட்டியல் 1958இல் ஆரம்பித்தது. 1991 வரைக்கும் எந்தப் பாட்டும் 10 வாரத்தைத் தாண்டவில்லை. 1992இல் பாய்ஸ் டூ மென் குழுவின் பாட்டு ஒன்று 13 வாரம் நின்றது. அது இறங்கிக் கொஞ்ச நாளில் விட்னி ஏறி 14 வாரம். அதெப்படி ஒரே மூச்சில் இரண்டு?

கிராணி: பாட்டு நன்றாக இருந்திருக்கும்.

தம்பி: அப்போ அதற்கு முன்னால் வந்ததெல்லாம் மோசமா? கணக்கு எடுக்கிற முறை மாறிவிட்டது ஐயா. முன்பெல்லாம் கடைக்காரர்களைக் கேட்பார்கள், எது நன்றாக விற்கிறது என்று. அவர்கள் சொன்னதுதான் கணக்கு. 1991 நவம்பரிலிருந்து கல்லாவில் பார்கோடு காட்டிய எண்ணிக்கை. ரேடியோவில் எத்தனை தடவை போகிறது என்பதற்கும் மிஷின்.

கிராணி: (நிமிர்ந்து உட்கார்ந்து) அட, நம் ரப்பர் பால் தராசு! வாளியை எட்டிப் பார்த்து, வாய்க்கு வந்த கிலோவைச் சொல்லிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? வேண்டியவன் வாளி எப்போதும் கனமாக இருக்கும். தராசு வைத்ததும் அந்த வேலையெல்லாம் நின்றது. அப்புறம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். விடுவேனா? மெட்ரோலாக் குச்சியைப் பாலில் மிதக்கவிடுவேன். மேலும் கீழும் ஆடிவிட்டு ஓர் இடத்தில் நிற்கும் பார், நுரையை ஊதித் தள்ளிவிட்டு அந்தக் கோட்டைப் படித்தால் போதும். எவ்வளவு பால், எவ்வளவு பைப் தண்ணீர் என்று புட்டுப் புட்டு வைக்கும்.

தம்பி: அதேதான். பழைய பாட்டு கடைக்காரருக்குச் சலித்துவிட்டால் கீழே தள்ளிச் சொல்லிவிடலாம். கம்பெனிக்காரர்களும் புதுப் பாட்டை ஏற்றிவிடச் சொல்லி நச்சரிப்பார்கள். வாங்குகிறவர்களுக்கு இன்னும் சலிக்கவில்லை என்று பார்கோடுதான் காட்டிக்கொடுத்தது.

கிராணி: ஆகமொத்தம் 14 வாரமும் தண்ணீர் கலக்காத கணக்கு. நானே கையெழுத்துப் போடுவேன். அதையே போடு.

தம்பி: இன்னொரு தொல்லை இருக்கிறது. முதல் முக்கால் நிமிடத்துக்கு வாத்தியமே கிடையாது, வெறும் குரல். விட்னி இதைப் பாடிய பாடிகார்டு படத்தில் நடித்த கெவின் காஸ்ட்னர்தான் அப்படி வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாராம். அமெரிக்காக்காரன் கேட்டு மயங்கினான். நம் மண்டபத்தில்? ஸ்பீக்கர் அவுட்டு என்று யாராவது ஒரு பெரியப்பா வந்து வயரை ஆட்டுவார். இப்படித்தான் ஒரு கல்யாணத்தில் ஒருவர் பிளக்கையே பிடுங்கிவிட்டார். பந்தியில் ஃபேன் நின்று, ரசம் ஊற்றுகிறவரைப் பிடித்து எல்லோரும் திட்டினார்கள்.

கிராணி: பின்னால் டம் என்று ஓர் அடி விழுமே, அது ஜோராக இருக்கும்.

தம்பி: அது அதைவிட ஆபத்து. எல்லாம் ஒரு நொடி அடங்கி, ஒரே டிரம் அடி, உடனே சுருதி ஏறும். கெட்டிமேளம் என்று நினைத்து அட்சதையைத் தூவிவிடுவார்கள். மாப்பிள்ளை வாசலைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்.

கிராணி: (தலையைச் சொறிந்து) சரி, ஞாயிற்றுக்கிழமை நாதஸ்வரமே இருக்கட்டும். ஆனால் திங்கட்கிழமை காலை மச்சினன் பஸ் ஏறுகிறான். ஒரு ஸ்பீக்கரை இங்கே பஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்துவிடு. இருந்தால் இடைஞ்சல், கிளம்புகிறேன் என்கிற பாட்டை வேறு எங்கே போடுவது?

தம்பி: போடலாம். ஆனால் பட்டியலின் மிச்சக் கதையையும் கேட்டுவிடுங்கள். 2012 பிப்ரவரியில் விட்னி ஹூஸ்டன் இறந்துபோனார். பாவம், 48 வயதுதான். உடனே பாட்டு மறுபடி பட்டியலுக்குள் வந்து மூன்றாம் இடம் வரைக்கும் ஏறியது.

கிராணி: இறங்கிப் போன பாட்டா? திரும்பி வந்ததா?

தம்பி: 19 வருஷம் கழித்து.

கிராணி: ஐயோ, வேண்டவே வேண்டாம். ஒரே ஒரு வாரம் பட்டியலில் இருந்துவிட்டு, போன இடம் தெரியாமல் போன பாட்டு ஏதாவது இருக்கும், தேடிப் பார்.