கிரான்மரின் தாடியும் செப்புத்தகடும்

நீண்ட வெண்தாடியுடன் உள்ள செப்புத்தகட்டு அச்சுப்படம்தான் இங்கிலாந்தின் காண்டர்பரி பேராயர் தாமஸ் கிரான்மரை நேரில் பார்த்துச் செதுக்கியது என்றும், தாடியில்லாத ஓவியம் வேறு யாருடையதோ என்றும் உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு.

தாடியில்லாத ஓவியத்தை ஜெர்மானியரான கெர்லாக் ஃபிளிக்கே 1545இல் தீட்டினார். கிரான்மர் உயிரோடிருந்த காலத்துப் படம் அது. இன்று லண்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் இருக்கிறது. 1547இல் மன்னர் எட்டாம் ஹென்றி இறந்த பிறகுதான் கிரான்மர் தாடி வளர்த்தார். துக்கத்துக்காக என்பார்கள், மழித்த முகத்துடன் இருந்த பழைய பாதிரிமார் மரபிலிருந்து விலகியதன் அடையாளமாகவும் அது ஆனது. ஆகவே முகம் மாறியதே தவிர ஆள் மாறவில்லை.

அவர் ஆக்ஸ்ஃபோர்டில் உயிரோடு எரிக்கப்பட்டது 1556இல். ஹென்றி ஹாலந்தின் உருவப்படத் தொகுப்பு நூலுக்காக, செதுக்குக் கலைஞர்களான டி பாஸ் குடும்பத்தார் செதுக்கிய அந்தத் தாடிப் படம் வெளிவந்ததோ 1620இல், அதாவது 64 ஆண்டுகள் கழித்து. அதைச் செதுக்கியவர்கள் அவரைப் பார்த்திருக்க வழியே இல்லை.

அச்சுப்படத்தில் முகம் ஓவியத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருப்பதையும் சான்றாகக் காட்டுகிறீர்கள். அது சான்றாகாது. மூலத்தைப் பார்த்தபடியே தகட்டில் செதுக்கினால், தாளில் இடம் வலமாகத்தான் விழும். தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள். மாணவர்களும் இதைப் படிக்கிறார்கள்.